டீச்சரின் முதுகு

நம் வயதுக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் இப்போதெல்லாம் முதலில் விசாரிப்பது பிள்ளைகளை இல்லை, முதுகை. எல்-நாலு, எல்-ஐந்து என்று எலும்புகளுக்கு எண் போட்டு, சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதைவிட உரிமையோடு பேசுகிறோம். என்னுடையது எல்-ஐந்து. அதற்காக வாரம் இரண்டு நாள் ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போகிறேன். கீழே பிரியாணிக் கடை, மேலே பெண்கள் விடுதி, நடுமாடியில் நாங்கள். அங்கே எனக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். தொழிற்சாலை லைனில் எட்டு மணி நேரம் நின்று, ஓ.டி. என்று இன்னும் நாலு மணி நேரம் நின்று, என் வயதை நாற்பது வருஷம் முன்னதாகவே எட்டிவிட்டவர்கள்.

சிகிச்சை தருகிற பெண் திருநெல்வேலிப் பக்கம். போன மாதம் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

"சூப்பர்ம்மா. எவ்ளோ அமைதியா இருக்கிய! மத்தவங்கல்லாம் என்னா கத்து கத்துதாங்க தெரியுமா?"

"அமைதி இல்லம்மா இது. பயத்துல விறைச்சுப்போய்க் கிடக்கேன்."

சட்டென்று கையை எடுத்துவிட்டாள். "ஏம்மா, மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

முதலிலேயே சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லாமல் போனதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. அதுவும் ஒரு முதுகு சம்பந்தப்பட்டதுதான். ஆனால் என்னுடைய முதுகு இல்லை.

அந்தக் காலத்தில் இங்கே எல்லாம் பச்சைப்பசேல் என்று ஆரம்பித்துவிடுவேன் என்று பயப்பட வேண்டாம். பச்சை இருந்தது. கொசுவும் இருந்தது. கழிப்பறை இல்லை. சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில், இன்று கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில், சென்னையில் இருந்த ஒரு முதலாளிக்கு மாந்தோப்பும் தென்னந்தோப்பும் இருந்தன. அவருக்குக் குதிரைகள் மேல் ஆசை. ரேஸில் ஓடி ஓய்ந்தவற்றை வாங்கி அங்கே கொண்டுவந்து விடுவார். விடுமுறைக்கு அவர் மகள் வந்து சவாரி செய்வாள். அந்தத் தோட்டத்துக்கு என் அத்தையின் கணவர், அதாவது மாமா, மேனேஜர்.

எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு நெஞ்சில் சளி என்று சொன்னார்கள். காசநோய் என்ற சொல்லைக் குழந்தைகள் முன்னால் யாரும் சொல்வதில்லை. தாம்பரம் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா பிழைத்துவிட்டாள், அதற்கப்புறம் நாற்பது வருஷம் இருந்து என் சமையலைக் குறை சொன்னாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். யாரும் கைக்குட்டையைத் தேட வேண்டாம். அப்பாவுக்கு ரயிலில் கார்டு வேலை. வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார். ஐப்பசி தொடங்கியபோது என்னை ஒரு டிரங்குப் பெட்டியோடு அத்தை வீட்டில் விட்டுவிட்டு, "பத்து நாள்ல வந்துடறேன்" என்று போனார். அந்தப் பத்து நாள் தை மாதம்வரை நீண்டது.

உள்ளூர்ப் பள்ளியில் என்னைச் சேர்க்க மாமா கூட்டிக்கொண்டு போனார். டி.சி. இல்லாமல் முடியாது என்று தலைமையாசிரியர் சொன்னார். மாமா தலையை ஆட்டிவிட்டு என்னைத் திரும்பக் கூட்டி வந்தார். டி.சி.க்கு எழுதிப் போட்டார்கள். அது வரவில்லை. அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் விதிகளைப் படித்து, விதிவிலக்குகளை மனப்பாடம் செய்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சொல்கிறேன்: சான்றிதழ் வரும்வரை பிள்ளையை வகுப்பில் உட்காரவைக்க வழி இருக்கத்தான் செய்யும். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை. நான் மூன்று மாதம் ஒரு மாந்தோப்பில் தனியாகச் சுற்றினேன்.

அத்தை கெட்டவள் இல்லை. நேரத்துக்குச் சோறு போட்டாள், தலை பின்னிவிட்டாள். பிள்ளை பெறாதவள் என்பதால் குழந்தையோடு என்ன பேசுவது என்று தெரியாது. நான் ஒரு மூலையில் சத்தம் போடாமல் இருந்தால் அவளுக்கு நிம்மதி. வாரம் ஒரு முறை அப்பாவுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதுவாள். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுவாள். 'குழந்தை சமர்த்தாக இருக்கிறாள். அம்மாவைக் கேட்டு ஒரு நாள்கூட அழவில்லை.' வாரா வாரம் அதே வரி. அதைப் படிக்கும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்த வரிக்குப் பிறகு எப்படி அழுவது?

குதிரைகள் நாலு. மூன்று ஒன்றாக இருக்கும். நாலாவது, ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரை, கடைசிக் கொட்டடியில் தனியாக. ரேஸில் ஓடியபோது அதற்கு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் இருந்ததாம். குதிரைக்காரர் அதை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன் டீச்சர்?" என்று கேட்டேன்.

"கேள்வி கேட்டா பதில் சொல்லாது. ஆனா நம்மள தலைலேர்ந்து கால் வரிக்கும் பாக்கும் பாரு, அப்பிடியே எங்க மூணாங்கிளாஸ் டீச்சருதான்."

குதிரைக்காரர் சென்னையிலிருந்து குதிரைகளோடு வந்தவர். அவர் பேச்சு எனக்குப் புதிது. காலையில் ஊறவைத்த கொள்ளை வேகவைத்துக்கொண்டே தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார். அந்தக் கொள்ளு வாசனை, வேப்பிலைப் புகை, ஈரச் சாக்கு, தோல்வாருக்குப் பூசுகிற எண்ணெய் எல்லாம் கலந்த ஒரு வாசனைதான் எனக்கு அந்த மழைக்காலம். டீச்சரின் பிடரிமயிருக்கு அடியில் கையை விட்டால், அப்போதுதான் இஸ்திரி போட்டுக் கொடுத்த துணி மாதிரி இதமான சூடு இருக்கும். நான் காலையும் மாலையும் அங்கே கையை வைத்துக்கொண்டு நிற்பேன். அது என்னை நிற்கவிட்டது. தலை பின்னுகிற நேரம் போக, அந்த மூன்று மாதத்தில் என்னைத் தொட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

டீச்சருக்கு முதுகில் கோளாறு. சேணத்தை வைத்து வயிற்று வாரை இறுக்கினால் காது பின்னால் படுத்துவிடும். கடிக்க வரும். ஆள் ஏறினால் உதறும். ஆயுதபூஜைக்கு வந்தபோது முதலாளி அதைப் பார்த்துவிட்டு மாமாவிடம் ஒரே வாக்கியம் சொன்னாராம்: பொங்கலுக்கு மகள் வரும்போது இது சேணம் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் சீரம் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம்.

சீரம் கம்பெனி என்றால் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிற இடம். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி, பிறகு அதன் ரத்தத்தை எடுத்து மருந்து செய்வார்கள். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றும் காரியம், கொலைக்களம் ஒன்றும் இல்லை. அது இப்போது எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது குதிரைக்காரர் சொன்னது மட்டும்தான்: "ரத்தத்த உறிஞ்சிடுவானுங்கோ பாப்பா. போனது போனதுதான்."

முதுகைச் சரிசெய்ய ஒரு டாக்டர் வந்தார். கால்நடை டாக்டர், படிப்பு முடித்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். மீசைகூட இன்னும் முடிவெடுக்காத முகம். ரேஸ் குதிரைகளோடு வந்த ஒரு வெள்ளைக்காரரிடம் கையாலேயே முதுகெலும்பைச் சரிசெய்யும் முறையைக் கற்றுக்கொண்டிருந்தார். இன்று அதற்குக் கைரோபிராக்டிக் என்று பெயரும், சான்றிதழும், முன்பதிவும் வந்துவிட்டன. அன்று அதைப் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்தில் பஸ் ஏறிப் படப்பை வழியாக வருவார். அம்மா இருந்த ஊரிலிருந்து வருகிற பஸ் அது. நான் ரோட்டோரம் நின்று இறங்குகிறவர்களை எல்லாம் பார்ப்பேன். கடைசியில் டாக்டர் மட்டும் இறங்குவார்.

வந்த முதல் நாள், ஒரு ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். குதிரைக்காரர் கட்டை விரலால் அவரைச் சுட்டிக்காட்டி மாமாவிடம் சொன்னார்: "இன்னா சார், குதிரைக்கு மாலிஷா? எனக்கும் இடுப்பு புட்சிகினு கீது. அப்பிடியே ஒரு தட்டு தட்டிட்டுப் போவச் சொல்லு."

பிறகு வழக்கப்படி குதிரையை அடக்கத் தயாரானார். மேலுதட்டைக் கயிற்றுச் சுருக்கில் மாட்டி ஒரு தடியால் முறுக்குவது அவர் வழக்கம். முறுக்க முறுக்கக் குதிரை சிலையாகிவிடும். ஊசி போடுவதும் லாடம் அடிப்பதும் அப்படித்தான் நடக்கும்.

டாக்டர் பெட்டியிலிருந்து இறங்கி அந்தத் தடியைப் பிடுங்கினார். "இத வெச்சு முறுக்கினா எங்க வலிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? வாயைக் கட்டிட்டு வாக்குமூலம் கேக்கற மாதிரி இருக்கு."

"முறுக்கலன்னா ஒத வாங்குவ சார். அப்பறம் என்னைச் சொல்லாத."

முறுக்காமல் பிடித்துப் பார்த்தார்கள். டீச்சர் வட்டமடித்தது. குதிரைக்காரரை இழுத்துக்கொண்டு மாமரத்தடிவரை போனது. நான் அந்த மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தேன். அது என்னைப் பார்த்து நின்று, மோவாயை என் தலைமேல் வைத்துப் பெருமூச்சு விட்டது.

"அந்தப் பொண்ணு பிடிக்கட்டும்" என்றார் டாக்டர்.

"சின்னக் கொழந்தை சார். டி.சி.க்காக வெச்சிருக்கோம்" என்றார் மாமா, நான் ஏதோ சேமிப்புக் கிடங்குச் சரக்கு மாதிரி.

இன்று இதைச் செய்ய வேண்டுமென்றால் தலைக்கவசம், பெற்றோர் சம்மதக் கடிதம், காப்பீடு, மூன்று பிரதிகள். அன்று டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "முன்னாடி நிக்காத, தோள் பக்கமா நில்லு. கயித்தக் கையில சுத்திக்காத, தொங்க விடு. எனக்கு இங்கேருந்து அதோட மொகம் தெரியாது. மொகத்துல என்ன நடக்குதோ, நீ சொல்லிகிட்டே இரு. வேற எதுவும் பேசாத."

என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவில்லை.

முதுகெலும்பை மேலிருந்து ஒவ்வொரு கணுவாகத் தடவிக்கொண்டு வருவார். நகர வேண்டிய கணு நகராமல் மக்கர் செய்தால் அங்கே நிறுத்துவார்.

"இப்ப?"

"ரெண்டு காதும் பின்னாடி போயிடுச்சு சார்."

காத்திருப்பார். "இப்ப?"

"ஒரு காது உங்க பக்கம் திரும்பிடுச்சு. கண்ணு சிமிட்டுது."

இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு தள்ளு. பெரிய சத்தம் எதுவும் வராது. பிறகு கையை எடுத்துவிட்டு நிற்பார். நாங்கள் எல்லோரும் நிற்போம். அரை நிமிஷம், ஒரு நிமிஷம். டீச்சரின் தலை மெதுவாகத் தாழும். கீழ் உதடு தொங்கும். பிறகு நாக்கு வெளியே வந்து உதட்டை நக்கும். தாடை அசையும்.

"மெல்லுது சார்!"

அதுதான் அவருக்கு வேண்டியது. வலி விட்டது, உடம்பு ஒப்புக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளமாம். மென்றால்தான் அடுத்த கணுவுக்குப் போவார். மெல்லவில்லை என்றால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிடுவார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கணுவுக்கும் எதிரே 'மென்றது', 'மெல்லவில்லை' என்று குறித்துக்கொள்வார்.

"வாய்ல ஒண்ணும் இல்லாம இன்னாத்த மெல்லுது?" என்றார் குதிரைக்காரர். "எங்க வூட்ல மாமியாரு இப்பிடித்தான். வாய்ல ஒண்ணும் இருக்காது, நாள் பூரா மென்னுகினே கெடக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. டீச்சர் கொட்டாவி விட்டது. நான் சிரித்தேன். அந்த ஊருக்கு வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

இரண்டு மூன்று ஞாயிறுகளில் நானாகச் சிலவற்றைக் கண்டுபிடித்தேன். நான் மூச்சை நீளமாக வெளியே விட்டால் அதுவும் விடும். கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் பிடிக்காது, கழுத்தைப் பார்க்க வேண்டும். டாக்டர் எங்கே கை வைக்கிறார் என்று திரும்பிப் பார்க்க விட்டால் பயம் குறையும். இன்னொன்றும் இருந்தது. நான் அம்மாவை நினைத்தால் என் மூச்சு மேலே ஏறிக்கொள்ளும். உடனே டீச்சர் தலையைத் தூக்கிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரம் அம்மாவை நினைக்காமல் இருக்கப் பழகினேன். பள்ளிக்கே போகாத அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே விடுமுறை அதுதான்.

இன்னொரு விஷயமும் எனக்குத் தெரிந்துபோனது. குதிரை அசையாமல் நிற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒரு பின்னங்கால் தளர்ந்து குளம்பின் நுனி மட்டும் தரையில் இருக்கும், வால் ஆடும், வயிறு மூச்சுக்கு ஏறி இறங்கும். இன்னொன்றில் நாலு காலும் ஊன்றியிருக்கும், தலை நிமிர்ந்திருக்கும், கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், மூச்சு இருக்காது. பார்ப்பதற்கு இரண்டாவதுதான் அழகு. மாமா அப்படித்தான் ஒரு மாலையில் டீச்சரைப் பார்த்துவிட்டு, "பாரு, மிலிட்டரி மாதிரி நிக்குது, நல்லாயிடுச்சு" என்றார். அன்று தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு காய் விழும்போதும் அது உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. என்னையும் அவர்கள் அப்படித்தான் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி ரோட்டுக்கு மேல் ஓடியது. பஸ் வரவில்லை. மூன்று ஞாயிறு டாக்டரும் வரவில்லை. வேலை பின்தங்கியது. மாமா மட்டும் பின்தங்கவில்லை. மார்கழி நடுவில் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார்: குதிரை பூரண குணம், தாங்கள் குடும்பத்தோடு வரலாம். மேலிடம் என்ன கேட்க விரும்புகிறதோ அதை ஒரு வாரம் முன்னதாகவே எழுதி அனுப்புகிற ஆட்களை நான் பிற்காலத்தில் ஏராளமாகப் பார்த்தேன். என் மாமா அவர்களில் ஒரு முன்னோடி.

அடுத்த முறை வந்த டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "குணமாயிடுச்சுன்னு யார் சொன்னது? இடுப்புக்கிட்ட ரெண்டு கணு இன்னும் அசையவே இல்ல. ரெண்டு வாரமாவது வேணும்."

"அவங்க வர்றதா முடிவு பண்ணிட்டாங்க சார். நான் என்ன பண்ணட்டும்?"

"சரி. அவங்க வர்ற அன்னிக்கு நானும் வரேன். அந்த ரெண்டு கணுலயும் மெல்லுச்சுன்னா சேணம் போடலாம். மெல்லலைன்னா நானே ஓனர்கிட்ட டைம் கேக்கறேன்."

அவர் போன பிறகு மாமா அத்தையிடம் சொன்னதை நான் சமையலறை வாசலில் நின்று கேட்டேன். "டைமாவது ஒண்ணாவது. முடியலைன்னு தெரிஞ்சா அன்னிக்கே கம்பெனிக்கு ஆள் அனுப்பிடுவாரு. அவரைப்பத்தி எனக்குத் தெரியாதா?"

மாமாவுக்கு அவரைப் பற்றித் தெரியாது. அவர் எதிரில் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. ஆனால் எனக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் 'எனக்குத் தெரியாதா' என்று கேட்டால் தெரியும் என்றுதான் அர்த்தம் என்று நம்பினேன்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அவர்கள் காரில் வந்தார்கள். முதலாளி, அவர் மனைவி, மகள், மகளின் இரண்டு சிநேகிதிகள். மகளுக்குப் பதினேழு வயதிருக்கும். என்னைப் பார்த்து, "நீதான் டீச்சரோட அசிஸ்டென்டா?" என்று கேட்டுச் சிரித்தாள். நல்ல பெண். மாமா நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார், ஏதோ ஆண்டு விழா மாதிரி. அத்தை எனக்குப் புதுப் பாவாடை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள்.

டாக்டர் பெட்டிமேல் ஏறினார். நான் தோள் பக்கம் நின்றேன். மூச்சை நீளமாக விடப் பார்த்தேன். வரவில்லை. எனக்கு வரவில்லை என்றால் அதற்கும் வராது.

முதல் கணு. தள்ளினார். காத்திருந்தார்.

"இப்ப?"

டீச்சர் நிமிர்ந்து நின்றது. நாலு காலும் ஊன்றியிருந்தன. கண் எங்கேயும் போகவில்லை. உதடு இறுகிக் கிடந்தது.

"அட, எவ்வளவு அமைதியா நிக்குது!" என்றார் முதலாளியின் மனைவி.

"நம்ம கொழந்தை கை பட்டா அப்படித்தாங்க. ரெண்டும் ஒண்ணு. தொந்தரவே தெரியாது" என்றாள் அத்தை.

"பாப்பா, இப்ப?" டாக்டர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

இல்லை என்று சொன்னால் கம்பெனி. ஆமாம் என்று சொன்னால் டீச்சர் இங்கேயே இருக்கும். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

"மெல்லுது சார்."

அவர் அடுத்த கணுவுக்குப் போனார். அங்கேயும் கேட்டார். அங்கேயும் சொன்னேன். பிற்காலத்தில் எத்தனையோ கோப்புகளில் உண்மைக்கு மாறான அறிக்கைகளைக் கண்டுபிடித்து விளக்கம் கேட்டிருக்கிறேன். யாரும் துணிச்சலில் பொய் எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

சேணம் வைத்தார்கள். அசையவில்லை. வாரை இறுக்கினார்கள். அசையவில்லை. குதிரைக்காரர் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இன்னா பாப்பா, காதே ஆடல?" என்று முணுமுணுத்தார். நான் தரையைப் பார்த்தேன். முதலாளியின் மகள் ஏறி உட்கார்ந்தாள். நாலு அடி நடந்தது. கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு நொடி. முதுகு வில்லாக வளைந்தது, பின்னங்கால்கள் ஆகாயத்தில் இருந்தன, அந்தப் பெண் மண்ணில் கிடந்தாள். மணிக்கட்டு முறிந்து கை தவறான திசையில் மடங்கியிருந்தது. டீச்சர் வேலியோரம் போய் நின்று நடுங்கியது.

அழுதுகொண்டே அந்தப் பெண் சொன்னாள்: "அது வேணும்னு பண்ணல டாடி. அதுக்கு இன்னும் வலிக்குது. நாம வெயிட் பண்ணியிருக்கலாம். அடுத்த மாசம் வந்திருக்கலாமே!"

முதலாளி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கத்தவில்லை. "வந்திருக்கலாம். யாராவது சொல்லியிருந்தா" என்றார்.

மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, மாமாவிடம் சீரம் கம்பெனிக்குக் கடிதம் போடச் சொன்னார்.

டாக்டர் என்னிடம் வந்தார். குந்தி உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக் கேட்டார். "ரெண்டு தடவையும் மெல்லுச்சில்ல?"

அது இரண்டாவது வாய்ப்பு. அத்தை பக்கத்தில் நின்றாள். மாமா நின்றார். கனகாம்பரம் நெற்றியில் இறங்கியிருந்தது.

"மெல்லுச்சு சார்."

வெகுநேரம் என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு நோட்டைத் திறந்து, முழங்கால்மேல் வைத்து, ஏதோ எழுதினார். "அப்போ அந்த அடையாளத்த நம்ப முடியாதுபோல" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். நோட்டை மூடிப் பையில் வைத்தார். ஆப்பிள் பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கையால் அவர் அதற்குப் பிறகு வேறு எந்தக் குதிரையின் முதுகையாவது தொட்டாரா, இல்லை ஒரு ஒன்பது வயதுப் பெண்ணின் வார்த்தையை நம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டாரா? விசாரிக்க எனக்கு ஐம்பது வருஷம் இருந்தது. யாருக்கு எழுத வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதும் எனக்குத்தான் மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். எழுதவில்லை.

பொங்கல் வந்தது. மாட்டுப்பொங்கல் அன்று தோட்டத்து மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம் பூசி, சலங்கை கட்டினார்கள். குதிரை அதில் சேர்த்தி இல்லை. குதிரைக்காரர் மீந்த மஞ்சளைக் குழைத்து டீச்சரின் நெற்றியில் ஒரு பட்டை இழுத்தார். "இன்னா, இதுவும் வேலைதான் செஞ்சிது" என்றார்.

மறுநாள் காலை லாரி வந்தது. பின்பலகையை இறக்கி, சரிவாகப் போட்டு, வைக்கோல் பரப்பினார்கள். டீச்சர் பலகையின் முனைவரை வந்து நின்றுவிட்டது. இழுத்தார்கள். பின்னால் இரண்டு பேர் கயிறு போட்டுத் தள்ளினார்கள். அது பின்னங்காலில் எழுந்து நின்றது. லாரிக்காரர், "நேரமாவுது, முறுக்குத் தடி எடுங்கப்பா" என்றார்.

குதிரைக்காரர் எடுக்கவில்லை. தோப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாப்பா, இங்க வாமே. உன்னாண்டதான் அடங்கும். முறுக்கி ஏத்தினா வழி பூரா ஒடம்பு ஒதறிகினே போவும். நல்லபடியா போவட்டும்."

நான் போனேன். தோள் பக்கம் நின்றேன். கயிற்றைத் தொங்கவிட்டேன். என் பாவாடை நடுங்கியதைப் பார்த்து அதுவும் நடுங்கியது. எனவே அம்மாவை நினைக்கவில்லை. கம்பெனியை நினைக்கவில்லை. அதன் கழுத்தைப் பார்த்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டேன். இன்னும் நீளமாக விட்டேன். லாரிக்காரர் பீடி பற்ற வைத்து, அதைக் குடித்து முடித்துவிட்டார். டீச்சரின் தலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மஞ்சள் பூசிய நெற்றி என் தோளில் வந்து பட்டது. கீழ் உதடு தொங்கியது. நாக்கு வந்தது. தாடை அசைந்தது.

உண்மையிலேயே மென்றது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் பலகையில் ஏறினேன். அது என் பின்னாலேயே ஏறி வந்தது. உள்ளே வைக்கோலில் நின்று, ஒரு பின்னங்காலைத் தளர்த்திக்கொண்டது. குதிரைக்காரர் கயிற்றைக் கம்பியில் கட்டிவிட்டு என்னைத் தூக்கிக் கீழே இறக்கினார். பலகையை மூடினார்கள். கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தேன். நான் நின்றிருந்த பக்கம் தலையைத் தாழ்த்தியபடியே, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றது. என்ஜின் போட்டார்கள். லாரி குலுங்கியது. அப்போதும் அது தலையைத் தூக்கவில்லை. நான் இன்னும் பக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்திருக்கும்.